எர்த் குழிக்கு ரெண்டு படி உப்பு

தம்பிதுரைக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மில்லில் இருபத்தாறு வருசம் எலெக்ட்ரீஷியன். மில்லைப் பூட்டிப் பதினாலு மாதமாகியும், சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து, சட்டையை மாட்டி, வாசல்வரை போய், போக இடமில்லை என்பது ஞாபகம் வந்து திரும்புவார். திரும்பியவர் பேசாமல் இருந்தால் தேவலை. கையில் திருப்புளி இருக்கும். நன்றாக ஓடிய மிக்ஸியை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று கழற்றினார்; அது ஓட்டத்தையே விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் காலிங்பெல்லைச் சரிசெய்தார். அப்புறம் அங்கே அமுக்கினால் இங்கே அடித்தது.

பெல் அடித்த அன்றைக்கே அவர் சம்சாரம் தெய்வாத்தாள் திருப்புளியையும் கரண்ட் பார்க்கிற மீட்டரையும் எங்கேயோ ஒளித்துவைத்தாள். கூடவே கெடுவும் வைத்தாள்.

“ஏனுங்க, திங்கக்கெழமை காத்தால தாராபுரம் பஸ் ஏறிருங்க. எங்கண்ணன் தோப்புல காவலுக்கு ஆளில்லையாமா. இந்த ஊட்டுல இனிக் கழட்டறதுக்கு நானும் ஆட்டாங்கல்லுந்தான் பாக்கி.”

தோப்பில் முன்னூறு தென்னை, ஒரு கயிற்றுக்கட்டில், ஒரே ஒரு மோட்டார். அந்த மோட்டாரும் பாழாய்ப்போன நல்ல மோட்டார், பழுதே ஆகாது. நினைத்தாலே தம்பிதுரைக்கு உள்ளங்கால் அரித்தது.

சனிக்கிழமை காலை, தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து ரம்ஜான் பீவி கூப்பிட்டாள். போன் போக, மூன்று கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறவள். பத்திரிகையில் போட்டோ போட ஒரு ஸ்கேனர் வாங்கியிருந்தாள். தொண்ணூற்றொன்பதில் அதுதான் புதுசு. வந்த பிறகுதான் தெரிந்தது, அதன் வயரைச் சொருக அவளுடைய கம்ப்யூட்டரில் யூஎஸ்பி போர்ட்டே கிடையாது. கடைக்காரன் இரண்டு போர்ட் வைத்த ஒரு தகட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, உள்ளே போர்டில் இருக்கும் கம்பிகளில் வயரை மாட்டினால் போதும், ஆள் வரப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டான்.

“ஏனுங்ணா, மில்லையே ஓட்டுனவரு நீங்க. இந்த ரெண்டு ஓட்டையைப் போட்டுக் குடுத்துருங்க. அப்பறம் இங்கிருக்கற மிசினு அத்தனையும் பாத்துக்க நீங்களே தெனமும் வந்துருங்க. எனக்கும் ஒரு ஆளு வேணுமுங்க.”

தினமும்! தம்பிதுரைக்குக் காதில் சங்கு ஊதியது.

“அதுக்கென்ன அம்மணி, மில்லுல இருந்தாலும் பொட்டிக்குள்ள இருந்தாலும் வயரு வயருதானுங்க.”

திருப்புளிக்குப் பதிலாக அவளுடைய கொய்யாப்பழக் கத்தியை வாங்கிக் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்தார். உள்ளே தூசிக்கு நடுவில் குண்டூசி மாதிரிக் கம்பிகள். ஒரு போர்ட்டுக்கு நாலு வயர். கடைக்காரன் கவர் மேலேயே எழுதியிருந்தான்: சிவப்பு, வெள்ளை, பச்சை, கருப்பு, இதே வரிசை.

சிவப்பை மாட்டினார். வெள்ளையை மாட்டினார். பச்சையை எடுத்ததும் கை நின்றது.

பச்சை என்றால் எர்த். எர்த்தைக் கம்பியில் மாட்டுவார்களா? மிசினின் இரும்புப் பாடியில் அல்லவா முறுக்க வேண்டும்? கடைக்காரனுக்கு என்ன தெரியும்! எண்பத்திரண்டில் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிசினில் ஒரு பச்சை வயர் கழன்று தொங்கியது. மதியம் மாட்டிக்கொள்ளலாம் என்று தம்பிதுரை டீ குடிக்கப் போனார். அதற்குள் கூட வேலை பார்த்த மாசாணம் மிசினைத் தொட்டுவிட்டான். கரண்ட் அடித்தும் உயிர் தப்பியது. ஆனால் வலது கை நடுக்கம் நிற்கவில்லை. இன்றைக்கும் டீ கிளாஸை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறான். அன்றிலிருந்து தம்பிதுரை எங்கே பச்சை வயரைப் பார்த்தாலும் பாடியில் முறுக்காமல் நகர்ந்ததில்லை.

இரண்டு போர்ட்டின் பச்சையையும் கேபினெட் திருகில் கச்சிதமாக முறுக்கினார். கருப்பைக் கடைசிக் கம்பியில் மாட்டினார்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்கேனரில் விளக்கு எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி, எதிரில் ஒருத்தன் நிற்பதையே கண்டுகொள்ளவில்லை. அடுத்த போர்ட்டில் சொருகினார். அதற்கும் அப்படியே.

“ஏனுங்ணா, திங்கக்கெழமை மொதப் பத்திரிகைக்கு ஆளு வருதுங்க…”

திங்கட்கிழமை என்ற சொல்லே அவருக்குத் தென்னை மரமாகக் கேட்டது.

“வயரு சுத்தமா இருக்குதுங்க. உங்க கட்டடத்துல எர்த்து வீக்கு.”

வீக் என்றால் குழியைக் கவனிக்க வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் எர்த் குழி எலும்பாகக் காய்ந்து கிடந்தது. மளிகைக் கடையில் ரெண்டு படி கல்லுப்பு வாங்கிக் கொட்டினார். ஒன்பது குடம் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு குடத்துக்கும் ஓடி வந்து ஸ்கேனரைச் சொருகிப் பார்ப்பார், திரும்ப ஓடுவார். குழி குளிர்ந்தது. கம்ப்யூட்டர் குளிரவில்லை.

இரண்டு மணிக்குத் தெய்வாத்தாள் வந்தாள். கையில் தாராபுரத்துக்குக் கட்டிய துணிப்பை.

“சோத்துக்கு வராம இங்க என்னுங்க, உப்பளம் போட்டுட்டு இருக்கறீங்களாமா? தெருவே சிரிக்குது.”

அவர் ஸ்கேனரை இன்னொரு தரம் சொருகினார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் அந்த முதுகைப் பார்த்தாள். அப்புறம் பைக்குள் கையை விட்டு, வேட்டிகளுக்கு அடியிலிருந்து திருப்புளியையும் மீட்டரையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

“தோப்பு மோட்டாருக்காச்சும் ஆகுமுன்னு எடுத்து வெச்சேன். இந்தாங்க. கொய்யாக்கா வெட்டற கத்தியில எத்தன நேரந்தான் நோண்டுவீங்க?”

மீட்டர் கைக்கு வந்ததும் தம்பிதுரை மனுசரானார். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். மீட்டர் வயரின் ஒரு முனையைக் கருப்பு வயரிலும் இன்னொன்றைக் கேபினெட்டிலும் வைத்தார்.

மீட்டர் கீச்சென்று கத்தியது.

திரும்ப வைத்தார். திரும்பவும் கத்தியது. அப்படியானால் கருப்பும் பாடியும் ஒன்று. இந்தப் பெட்டிக்குள் எர்த் கருப்புதான். அப்புறம் பச்சை? குனிந்து பார்த்தார். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில் மூன்றாவது கம்பி, மாட்ட ஆளில்லாமல், பளபளவென்று மொட்டையாக நின்றது.

கடைக்காரன் எழுதிய வரிசையில் அதுதான் பச்சைக்கு இடம்.

பாடியில் முறுக்கிய பச்சையைக் கழற்றத் திருப்புளியை வைத்தார், கை வரவில்லை. மாசாணத்தின் டீ கிளாஸ் கண்முன்னால் ஆடியது. கருப்பு வயரில் இன்னொரு தரம் மீட்டர் வைத்துக் கத்தவிட்டு, அந்தச் சத்தத்தின் தைரியத்தில் கழற்றினார். மூன்றாவது கம்பியில் மாட்டினார். அடுத்த போர்ட்டின் பச்சையையும் அப்படியே.

சுவிட்ச். ஸ்கேனரைச் சொருகியதும் கம்ப்யூட்டர் ‘டிடிங்’ என்றது. புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்று திரையில் எழுதிக் காட்டியது. ரம்ஜான் பீவி ஸ்கேனர் சிடியைப் போட்டு எதையெதையோ அமுக்கினாள். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் மெல்ல ஊர்ந்தது.

“எர்த்து பிடிச்சுருச்சுங்களாண்ணா? உப்பு வேலை செய்யுதுங்களே!”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மில்லில் இருபத்தாறு வருசத்தில் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். தவிட்டு மீட்டரைப் பார்த்தார், தெய்வாத்தாளைப் பார்த்தார்.

“இல்லீங்க அம்மணி. கடைக்காரன் சரியாத்தான் எழுதியிருக்கறான். நாந்தான் பச்சையைத் தப்பா மாட்டிப்போட்டேன்.”

ரம்ஜான் பீவி விழித்தாள். “அப்ப அந்த ரெண்டு படி உப்பு?”

“அது கெடக்கட்டுமுங்க. குழிக்கு நல்லது.”

அவள் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. “தப்பைத் தப்புன்னு சொல்ற மெக்கானிக்கை இப்பத்தானுங்ணா பாக்கறேன். திங்கக்கெழமை ஒம்பது மணிக்கு வந்துருங்க.”

தெய்வாத்தாள் பையை இடுக்கிக்கொண்டு போன் பெட்டிக்குள் நுழைந்து தாராபுரத்துக்கு நம்பரைச் சுழற்றினாள்.

“அண்ணா, அவரு வரலீங்க. வேற ஆளப் பாத்துக்குங்க… இல்லீங்ணா, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலைக்குப் போறாருங்க… என்ன வேலையா?” கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். யாரும் கேட்காமலே அடுத்த கம்ப்யூட்டரின் பின்பக்கத் திருகில் அவர் கை வைத்திருந்தார். “கம்ப்யூட்டருக்கு ஓட்டை போடறாருங்ணா. நீங்க போனை வையுங்க, நான் போயி அவரு கையைப் புடிக்கோணும்.”