ருவென்சோரியில் வசந்தி

போன கிழமை வயர் பிடிக்கிற கிளிப் வாங்க லண்டன் நோர்பரியில் ஒரு சாமான் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் தோட்ட வேலைக்கான றப்பர் சப்பாத்துகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியே மழை. ஈர றப்பரின் அந்த நெடி மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் கிளிப் ஞாபகத்துக்கு வந்தது.

உங்களுக்கு அது வெறும் றப்பர் மணமாக இருக்கலாம். எனக்கு அது சேறு, பாசி, மூங்கில். உகண்டாவுக்கும் கொங்கோவுக்கும் நடுவில், முகிலுக்குள் ஒளிந்து கிடக்கும் ருவென்சோரி மலைத்தொடர். 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் பெரிய மலையேறி என்று எனக்கு ஒரு நினைப்பு. ஜெர்மனியில் இருந்த காலத்தில் தொற்றிய வியாதி. லண்டனுக்கு வந்து எலெக்ட்ரீஷியன் வேலை தொடங்கிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி சர்ரே குன்றுகளுக்குப் போவேன். என் தோல் சப்பாத்துக்கு மெழுகு பூசுவதற்கென்றே தனியாக ஒரு துணி வைத்திருந்தேன். என் மனைவி வசந்தி ஒரு நாளும் கூட வந்ததில்லை. ஆஸ்பத்திரி லினன் அறையில் கிழமை முழுக்கப் படுக்கை விரிப்பு மூட்டை தூக்குகிறவளுக்கு, ஓய்வு நாளில் மலையேறுவது விசர் வேலை.

இலங்கையில் போர் முடிந்த அந்த வருசம் எங்களுக்கு எப்படிப்பட்ட வருசம் என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரலில் இருந்து, ஷிப்ட் முடிந்ததும் அவள் நேரே நாடாளுமன்றச் சதுக்கத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிக் கத்திய சனத்தோடு நின்றாள். அவளுடைய அக்கா குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. மே மாதத்துக்குப் பிறகு வீட்டில் நாங்கள் டிவி போடவில்லை. வசந்தி பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு மேசையில் இருக்கிறது, கவுன்சில் கடிதம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அக்காவும் பிள்ளைகளும் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஜூலையில் தெரிய வந்தது. அப்போதும் பேச்சு திரும்பவில்லை.

லினன் அறையில் அவளோடு விரிப்பு மடித்தவள் கிரேஸ். ருவென்சோரி அடிவாரத்தில் கசேசே அவளுடைய ஊர். எங்கள் போரைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. பக்கத்தில் நிற்பவள் மாதக்கணக்கில் வாய் திறக்காததை அவளுக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓகஸ்டில் ஊருக்குப் போகிறேன், நீயும் வா என்று கூப்பிட்டாள். வசந்தி ஓம் என்று சொல்லிவிட்டாள். எனக்குத் திகைப்பு. அடுத்த நிமிடமே என் புத்தி மலைக்குப் பாய்ந்தது. வசந்தி கிரேஸ் வீட்டில் இருக்கட்டும், நான் ஏறுவேன். இதுதான் என் திட்டம்.

அடிவாரத்தில் எங்கள் வழிகாட்டி புவாம்பலே முதலில் பார்த்தது என் சப்பாத்தை. கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து இரண்டு சோடி கொண்டுவந்து வைத்தார். இந்த மலையில் பாதி நடை, பாதி நீச்சல், உங்கள் தோல் சப்பாத்து இங்கேயே இளைப்பாறட்டும் என்றார். மற்றச் சோடி யாருக்கு என்று கேட்கத் திரும்பினேன். வழியனுப்ப வந்த வசந்தி அதற்குள் காலை நுழைத்துவிட்டிருந்தாள்.

அந்தப் பக்கத்துச் சனம் பிறந்த வரிசைப்படி பெயர் வைக்கும். புவாம்பலே என்றால் இரண்டாவது மகன். வசந்தியும் வீட்டில் இரண்டாவது மகள் என்று அறிந்ததும் அவர் அவளைப் பீரா என்று கூப்பிடத் தொடங்கினார். அப்படியென்றால் மூத்தவள் மாசிகா எங்கே என்று கேட்டார். மூங்கில் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தோம். முள்கம்பிக்குப் பின்னால் என்றாள் வசந்தி. மனிதர் முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, ஒரு கொப்பைத் தாழ்த்தி அவளுக்குக் காட்டினார். மூக்கில் மூன்று கொம்பு வைத்த பச்சோந்தி ஒன்று, எங்களில் யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்யாமல், ஒரு கண்ணை என் பக்கமும் மறு கண்ணை அவள் பக்கமும் உருட்டியது. வசந்தியின் வாயோரம் அசைந்ததை நான் பார்த்தேன்.

ஒவ்வொரு நாளும் வேறு வேறு காடு. உட்கார்ந்திருக்கும்போது பச்சையாகத் தெரியும் பறவை, பறந்தால் சிவப்பைக் காட்டியது. மரங்கள் பாசியைப் போர்த்திக்கொண்டு, கிளைகளில் நரைத்த தாடியைத் தொங்கவிட்டிருந்தன. லண்டனில் ஜன்னல் தொட்டியில் சாண் உயரம் வளரும் லொபீலியா அங்கே என்னைவிட உயரம். சதுப்பில் புல்மேட்டுக்குப் புல்மேடு தாவிப் போக வேண்டும். சர்ரே அனுபவசாலி தாவினேன், விழுந்தேன், சப்பாத்து நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டேன். வசந்தி, கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையில் நடப்பதுபோல, பாதத்தை முழுதாக வைத்து அமைதியாகப் போனாள்.

மூன்றாம் நாள் ஏரிக்கரைத் தங்குமிடத்தில் எனக்குத் தலை பிளந்தது. தேத்தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இதற்கு மேல் ஒரு அடியும் கூடாது, நாளைக்கு இங்கேயே படுத்திருந்துவிட்டு மறுநாள் கீழே இறங்க வேண்டும் என்று புவாம்பலே சொல்லிவிட்டார். இங்கிருந்து விடியக் கிளம்பினால் பனிப்பாறையின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பலாம். பீரா விரும்பினால் கூட்டிப் போகிறேன் என்றார்.

வசந்தி என்னைப் பார்த்தாள். போயிட்டு வாரும் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொன்னது வேறு.

"எனக்கே ஏலாமல் கிடக்கு. நீர் எப்பிடிப் போவீர்?"

"உங்களுக்கு ஏலாட்டில் எனக்கும் ஏலாதெண்டு ஆர் சொன்னது?" கோபமில்லாத குரல். மே மாதத்துக்குப் பிறகு, சாப்பாடும் கடிதமும் தவிர, அவள் என்னோடு பேசிய முதல் வசனம் அதுதான். "சமையல்கார அண்ணை உங்களைப் பாத்துக்கொள்ளுவார். நான் போட்டு வாறன்."

விடியக் கிளம்பிப் போனார்கள். நான் போர்வைக்குள் கிடந்தேன். காலையில் மனம் கறுவியது. மத்தியானம் தலைவலி குறைய, பயம் பிடித்தது. முகில் இறங்கி ஏரியையே மூடிவிட்டது. கதவடியில் போய்க் குந்தினேன். கடைசியில் முகிலுக்குள் இருந்து முதலில் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. வசந்தியின் சிரிப்பு என்று அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கழுத்து வரை சேறு, உதடு வெடித்திருந்தது.

அடுப்படியில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் விடாமல் பேசினாள். பாறை முழுக்க வழுக்கல், சில இடங்களில் நாலு காலில் ஏறினாளாம். மேலே போனதும் முகில் ஒரு நிமிடம் விலகியதாம். பனி வெள்ளை இல்லை, உள்ளே நீலமாய் இருந்தது என்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்து, விறைக்கும் வரை எடுக்கவில்லையாம். அக்காவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாளாம். புவாம்பலே தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாராம். சொல்லும்போது அழுதாள். பிறகு சூப் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

அடுத்த வருசம் அக்கா முகாமை விட்டு வெளியே வந்தார். வசந்தி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ரேக்கு அவள் முன்னால் நடக்க, நான் பின்னால். யாராவது வீட்டுக்கு வந்து மலைக்கதை கேட்டால், இவவைக் கேளுங்கோ என்று கையைக் காட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். ஏறினவளைவிட எனக்குத்தான் பெருமை அதிகம்.

கிரேஸ் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டாள். லினன் அறையை மூடி, வேலையை வெளிக் கொம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். புவாம்பலே இறந்த செய்தியோடு, அவருடைய மகன் மேலே போய் எடுத்த ஒரு படத்தையும் கிரேஸ் அனுப்பியிருந்தாள். வசந்தி கை வைத்த இடத்தில் பனி இல்லை. உருகி மேலே, மேலே ஒதுங்கிப் போய்விட்டது. கறுத்த பாறை மட்டும் ஈரமாய் மினுங்குகிறது. வசந்தி படத்தைக் கன நேரம் பார்த்திருந்துவிட்டு, உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பனியைத் தொட்ட ஒருத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள். நான் தொடவில்லை. இனி ஒருவராலும் ஏலாது.