கயிறு கட்டிய காற்றாடி

காவாந்தண்டலம் கன்னியப்பன் அண்ணன் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது, எங்கள் பங்குக் கிணற்று மேட்டில் கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அன்று என் முறை. மோட்டார் போடாமலே எழுந்து போனேன். காரியத்துக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். எனக்குக் கையெழுத்துகூட வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அண்ணனோடு பழகிய நீங்கள் எல்லாரும் அவருடைய பொறுமையைச் சொல்வீர்கள். அதை அதிகம் சோதித்தவன் நான்தான்.

அவர் என் பெரியப்பா மகன். இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அவருக்கு, மறுநாள் எனக்கு. நான் மோட்டார் வைத்திருந்தேன். அவர் மாடு கட்டிக் கவலைச் சாலில் தண்ணீர் இறைத்தார். எமர்ஜென்சிக்கு முந்தின அந்தக் கரண்டு வெட்டுக் காலத்தில், சர்க்காரில் பரீட்சைக்கென்று தண்ணீர் இறைக்கும் காற்றாடி ஒன்றை அவர் பக்கத்து மேட்டில் நிறுத்தினார்கள். ஒரு வருடம் பார்த்து, கட்டுபடியானால் அவருக்கே விட்டுவிட்டுச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் தருவார்கள். இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று பேச்சு.

காற்று முறை பார்த்தா அடிக்கும்? என் நாளிலும் அது சுற்றித் தண்ணீர் கொட்டியது. சண்டைக்குப் போனேன். அண்ணன் சிரித்தார். "காத்துக்கு இன்னாடா பங்கு? உன் மொறையில வர தண்ணிய உன் வாய்க்கால்ல வுட்டுக்கோ."

"உன் காத்தாடித் தண்ணி எனக்கு இன்னாத்துக்குண்ணா? நான் மோட்டார் வச்சிக்கினு கீறேன்" என்றேன்.

ஊரில் நாலு பேரைக் கூட்டினேன். முறை முறைதான் என்று முடிவானது. என் நாளில் காற்றாடி சுற்றாதபடி அதன் வாலை மடக்கி, கயிற்றால் இழுத்துக் கால்கம்பத்தில் கட்டிவிட வேண்டும். கயிறு நான் வாங்கியது. விடிகாலையில் போய் நானே கட்டுவேன். மறுநாள் அவர் வந்து அவிழ்ப்பார்.

சொர்ணவாரி நெல் பால் பிடிக்கிற சமயம், ஆடிக் காற்று தோளில் போட்ட துண்டைப் பறித்துக்கொண்டு போயிற்று. என் முறை. கரண்டு இல்லை. மின்சார ஆபீசுக்குப் போய்க் கேட்டால், அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வண்டி வரவில்லை என்றார்கள். கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, காற்று அடிக்கிறது, காற்றாடி கட்டிக் கிடக்கிறது. நான் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிர் சுருண்டது. எழுந்து போய் ஒரு முடிச்சை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. அன்று ஒரு நாளோடு அது நிற்கவுமில்லை.

வருடம் முடிந்து அதிகாரி வந்தார். அண்ணன் காட்டிய கணக்கில் பாதி நாள்தான் அது ஓடியிருந்தது. "இந்தப் பக்கம் காத்து போதலையா?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குனிந்து மடை மண்ணை ஒதுக்கினேன். "அப்படித்தான் வெச்சிக்கோங்க சார்" என்றார் அண்ணன். அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே கழற்றி லாரியில் ஏற்றினார்கள். தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று பெயர் கொடுத்திருந்த ஐயங்கார்குளத்துக்காரர்களும் பின்வாங்கினார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று பல நாள் கழித்துத்தான் கேட்டேன். "சொன்னா பங்காளிச் சண்டைன்னு எழுதிக்கினு போவான். நாளைக்கு இந்தக் கெணத்துல நீயும் நானும்தான நிக்கணும்" என்றார். ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "உன்னுதுதான், எடுத்துக்கினு போ." மறுபடி மாடு கட்டிக் கவலை இறைக்கப் போய்விட்டார். கடைசியாக அவரைக் கிணற்று மேட்டில் பார்த்தபோதும் மாட்டை ஓட்டியபடி கவலைக் கயிற்றின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் திருப்பிக் கொடுத்த கயிறு என் மோட்டார் கொட்டகையில் தொங்குகிறது. எதற்கும் அதை எடுத்ததில்லை. அந்த அதிகாரியின் நோட்டு எந்த ஆபீசில் இருக்கிறதோ தெரியாது. அதில் இருப்பது தப்பு. எங்கள் ஊரில் காற்று போதாமல் இல்லை. பாதி நாள் அதை நான் கட்டி வைத்தேன். மருமகள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, அப்படியே எழுது என்கிறேன்.