அக்கா கொடுத்த பூசணச் சோளம்

கொட்டகைக்குள் நான் நுழைந்ததும் அக்கா அவசரமாகத் தார்ப்பாயை இழுத்து மூடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரு மூலை மட்டும் மூடாமல் கிடந்தது. அதைக் கால் கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, "என்னடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற" என்றாள். என் பெரியம்மா மகள் அவள். அரியலூரில் பிறந்து குன்னத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் காயவைத்த மக்காச்சோளம் என்றால் வியாபாரி மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவளிடம் பூசணம் பிடித்த கதிர் கேட்டுத்தான் நான் போயிருந்தேன்.

அப்போது திருச்சியில் ஆய்வு மாணவியாக இருந்தேன். சோளத்தில் பச்சையாகப் படரும் பூஞ்சைதான் என் பாடம். பூஞ்சை தன் வளர்ச்சிக்குத் தேவையானவற்றைச் செய்துகொள்வதோடு நிற்பதில்லை. வளர்வதற்கு அவசியமே இல்லாத சில பொருட்களையும் செய்யும். இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருட்கள் என்று அவற்றைச் சொல்வோம். பென்சிலின் அந்த வகைதான். ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் அந்த வகைதான். பூஞ்சைக்குள் இருக்கும் சில புரதங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, படிப்படியாக அந்த நஞ்சைச் செய்து முடிக்கின்றன. பூஞ்சையை அரைத்து, புரதங்களைப் பிரித்து, கருவியில் அடையாளம் பார்த்தால் யார் யார் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மூன்றாம் வருடம் பார்த்தபோது அவர்களில் ஒருவரையும் காணோம். ஆய்வகத்துச் சர்க்கரைக் கூழிலேயே தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்ந்ததில், என் பூஞ்சை நஞ்சு செய்வதையே விட்டிருந்தது. பார்வைக்கு மட்டும் அதே பச்சை. "வயல்ல இருந்து புதுசா கொண்டு வாம்மா, இல்லன்னா தலைப்ப மாத்திடலாம்" என்றார் என் நெறியாளர். தலைப்பை மாற்றினால் மூன்று வருட உழைப்பும் வீண். மறுநாளே குன்னத்துக்குப் பஸ் ஏறினேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க வூட்டுச் சோளத்துல பூசணமா? யாருடி சொன்னா?" என்றாள். வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்று அவளே என்னை அழைத்துப்போனாள். நாலு வீடு ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்து, "எங்க வூட்ல இல்லீங்க, அவங்க வூட்ல கேட்டுப் பாருங்க" என்று அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள். வயிறு நிறையக் காபியோடு மறுபடி கொட்டகைக்கே வந்து சேர்ந்தோம். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தார்ப்பாயைத் தூக்கினாள். உள்ளே பச்சைப் பொடி பூத்த கதிர்கள் ஒரு குவியல்.

"ஒரே ஒரு நாள் உடையார்பாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போனேன்டி. அன்னைக்குப் பாத்து மழை அடிச்சு ஊத்திருச்சு."

எனக்கு நாலு கதிர் போதும். அவள் பை கொள்ளாமல் அள்ளிப் போட்டாள். மீதியை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "மாட்டுக்கு அரைச்சுப் போட வேண்டியதுதான்" என்றாள். அந்த மாட்டின் பாலைத்தான் அவள் மகள் குடித்துக்கொண்டிருந்தாள். மாடு தின்ற நஞ்சு பாலிலும் வரும் என்று சொன்னேன். எந்தக் கதிரில் நஞ்சு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதையும் சொன்னேன். சாயந்தரம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமா குழி வெட்டிக்கொண்டிருந்தார். அக்காதான் கூடை கூடையாகக் கொட்டினாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்தக் கதிர்களிலிருந்து வளர்த்த பூஞ்சையில் நான் தேடிய புரதங்கள் வரிசையாக வந்து நின்றன. வேலையை விட்ட பழைய பூஞ்சையையும் மும்முரமாக வேலை செய்யும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதே என் ஆய்வேடாக ஆனது. ஃபோனில் சொன்னபோது, "பின்ன, எங்க வூட்டுப் பூசணம் சும்மாவா" என்றாள் அக்கா.

வாய்மொழித் தேர்வுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவையினர் கேள்வி கேட்கலாம் என்று வெளியூர்த் தேர்வாளர் வழக்கப்படி அறிவித்தார். எழுந்தது அக்கா ஒருத்திதான். "பூசணம் புடிச்ச சோளத்த அப்புறம் வெயில்ல போட்டா, அந்தப் புரதமெல்லாம் செத்துப் போயிடுமாங்க?"

"புரதம் செத்துடும்க்கா. ஆனா அது செஞ்சு வச்ச நஞ்சு போகாது" என்றேன்.

"அப்போ பூசணம் புடிக்கறதுக்கு முன்னாடியே காய வைக்கணும்."

"ஆமாக்கா."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தான் கேட்க நினைத்திருந்ததும் இதைத்தான் என்றார். அரங்கம் கைதட்டியது.

இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவிகளோடு சோளக் காட்டு ஊர்களுக்குப் போகும்போது, புரதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அக்காவின் அந்தக் கேள்வியைத்தான் முதலில் சொல்கிறேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். அவள் அன்று அரங்கத்துக்கு வெளியே வைத்து என் காதில் கேட்ட இன்னொன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை: "இந்த ஒத்த வார்த்தைக்காடி அஞ்சு வருஷம் படிச்ச?"