மேம்பாலத்தில் ஊன்றிய கால்கள்

டிசம்பர் பிறந்தால் குளிர்கால டயர் இல்லாமல் இந்தப் பனிநாட்டில் சட்டப்படி வண்டி ஓட முடியாது. என் மோட்டார்சைக்கிளுக்கு அது கிடையாது. அதனால் நவம்பரின் கடைசி நாட்களில் ஒன்றைக்கூட விடாமல் ஓடிவிடுவேன்.

அன்று காலை நல்ல வெயில். "பின்னேரம் ஐஸ் மழையாம், பஸ்ஸில போங்கோ" என்றாள் மனைவி. கேட்கவில்லை. துறைமுகத்துக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனேன்.

வீடிருக்கும் லாசாலுக்குத் திரும்பும்போது தூறல். மேம்பாலத்தில் ஏறியதும் மோட்டார்சைக்கிளின் பின்சில்லு மெல்ல விலகியது. ஈரம் என்று நினைத்த தெரு முழுக்கக் கண்ணாடி போல உறைந்திருந்தது. யாழ்ப்பாணத்து மணல் ஒழுங்கைகளில் சில்லு இழுபட்டால் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு போவோம். யோசிக்கும் முன்பே ஊன்றிவிட்டேன். சப்பாத்துகள் ஆளுக்கொரு பக்கம் வழுக்கின. பின்னால் ஒரு லொறியின் வெளிச்சம் நெருங்கிக்கொண்டே வந்தது. என் முட்டாள்தனத்தைத் திட்டக்கூட வாயில் ஈரமில்லை.

எப்படியோ விழாமல் நின்று, இறங்கி உருட்டத் தொடங்கினேன். லொறி முந்தவில்லை. விளக்குகளை மினுக்கியபடி, மற்ற வாகனங்கள் என்னை இடிக்காமல் மறித்துக்கொண்டு, என் நடை வேகத்திலேயே பின்னால் வந்தது.

பாலம் இறங்கியதும் சாரதி கண்ணாடியைத் திறந்தான்.

"அண்ணை, காயம் ஒண்டுமில்லையே?"

ஹெல்மெட்டை நான் இன்னும் கழற்றவேயில்லை; முகம்கூடத் தெரியாது. "தமிழெண்டு எப்பிடித் தெரியும்?"

"ஐசில ரெண்டு காலையும் ஊண்டுறது வேற ஆர்? போன வருசம் நானும் உந்தப் பாலத்தில உப்பிடி ஊண்டித்தான் விழுந்தனான்."