நான்கு பக்கமும் கார்பன்

போன வாரம் ஒரு கெமிஸ்ட்ரி வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் ஏன் என்கிறீர்களா?

டெல்டாவில், குத்தாலம் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி. பிளஸ் ஒன்னுக்கு டீச்சர் எடுக்கிறார்கள். வேலை கேட்டு வருபவர் டெமோ கிளாஸ் நடத்திக் காட்ட வேண்டும். தேர்வுக் குழுவில் வெளியாள் ஒருவர் இருந்தால் கௌரவம் என்று பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியைச் சுற்றி உள்ள வயல்களில் பெரும்பகுதி அவருடையது. ஆட்சி மாறும்போது அவர் அறையில் தலைவர் படம் மாறும்; வயல் மாறாது. நில உச்சவரம்புச் சட்டத்தின்போது மட்டும் நடுநடுவே சில துண்டுகள் நிலமில்லாதவர்களுக்குப் போயின. பட்டா கொடுத்த சர்க்கார், அந்தத் துண்டுகளுக்குப் போய்வரப் பாதை கொடுக்க மறந்துவிட்டது. அந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை.

டெமோவுக்கு வந்தவர் எஸ்தர். பொறையாறுக்காரர். கணவருக்கு மஸ்கட்டில் வேலை போய்விட்டது. இந்த வேலை கிடைத்தால்தான் வீடு ஓடும் என்று பிரின்ஸிபால் என் காதில் சொன்னார். ஆனால் அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. சாக்பீஸை எடுத்தார். ஐந்து கார்பன் அணுக்களை வரிசையாக எழுதிக் கோடு போட்டு இணைத்தார். இரண்டாவது கார்பனுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கார்பன்களை ஒட்டினார். நான்காவதன் தலையில் ஒன்று.

"ரெண்டாவது கார்பன் என்ன வகை?"

"ஈரிணையம்!" மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

"ஏன்?"

"ரெண்டாவதா இருக்கு மிஸ்!"

எனக்கு இந்தத் தப்பு பிடித்திருந்தது. இது டெல்டாவுக்கே உரிய தப்பு என்பேன். மதகிலிருந்து முதல் வயலா, இரண்டாவது வயலா, கடைமடையா... இந்த ஊரில் ஒருவனின் போகம் அந்த வரிசையில்தானே நிற்கிறது? பிள்ளைகள் கார்பனையும் வாய்க்காலில் நிறுத்திவிட்டார்கள்.

எஸ்தருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "மதகுல இருந்து எத்தனாவதுன்னு நான் கேக்கல. வீட்டுல பத்திரம் பாத்திருக்கீங்களா? சக்குபந்தின்னு எழுதியிருக்கும். வடக்கே யார் வயல், தெற்கே யார் வயல், கிழக்கே, மேற்கே... நாலு எல்லை. கார்பனுக்கும் நாலு கை. அந்த நாலு பக்கத்துல எத்தனை பக்கம் இன்னொரு கார்பன் நிக்குது? ஒண்ணுன்னா ஓரிணையம். ரெண்டுன்னா ஈரிணையம். மூணுன்னா மூவிணையம். மிச்சப் பக்கத்துல ஹைட்ரஜன். அதைப் பாதைன்னு வச்சிக்கங்களேன். இப்ப சொல்லுங்க, ரெண்டாவது கார்பன்?"

எண்ணினார்கள். இடது, வலது, மேலே, கீழே.

"நாலு பக்கமும் கார்பன் மிஸ். நான்கிணையம்!"

"பாதை?"

"இல்ல மிஸ்!"

இரண்டாவது பெஞ்சில் தமிழரசி என்று ஒரு பெண். உற்சாகத்தில் எழுந்துவிட்டாள். "மிஸ், இது எங்க அப்பா வயலு மிஸ்! நாலு பக்கமும் அடைச்சுதான் கெடக்கு. சுத்தி அறுத்து முடிச்சாதான் நாங்க உள்ள அறுப்பு மிஷினே எறக்க முடியும்."

பின்னால் ஒருவன் 'க்ளுக்' என்றான். பக்கத்தில் இருந்தவன், "உக்காருடி... சுத்தி இருக்கறவரே அங்க உக்காந்திருக்காரு" என்றான். மெதுவாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு.

பிரின்ஸிபால் மின்விசிறியைப் பார்த்தார். எஸ்தர் கடைசி வரிசையில் இருந்த கரஸ்பாண்டென்ட்டைப் பார்த்தார். சுற்றி இருக்கும் வயல் யாருடையது என்று எஸ்தருக்கு விளங்கிவிட்டது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வேலை போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கரஸ்பாண்டென்ட் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அந்தக் கார்பனுக்கு ஹைட்ரஜன் கிடைக்கவே கிடைக்காதா?"

"கிடைக்கும் சார். பக்கத்துல இருக்கற நாலு பேர்ல ஒருத்தர் கையை விட்டா."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போர்டு பக்கம் திரும்பி, "மூணாவது கார்பன்?" என்றார். பாடம் தொடர்ந்தது. தமிழரசி உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

நிருபராக இருந்த காலத்தில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயம் இது. ஒருவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று விசாரிப்போம். முதல் ஆளா, இரண்டாவது ஆளா? அவரை யார் யார் ஒட்டி நிற்கிறார்கள் என்று கேட்க மாட்டோம். செய்தி பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.

டெமோ முடிந்து எல்லோரும் கரஸ்பாண்டென்ட் அறைக்கு வந்தோம். காபி வந்தது.

"பாடம் நல்லாவே நடத்துனீங்க," என்றார் கரஸ்பாண்டென்ட். "அந்த வயல் உதாரணம் மட்டும் வேண்டாம். வேற ஏதாச்சும் சொல்லிக்கலாம். என்ன?"

வேலை தேவைப்படுகிறவர் 'சரிங்க சார்' என்று சொல்லும் இடம் இது. நானாக இருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பேன்.

எஸ்தர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வேற சொல்லலாம் சார். ஆனா இந்தப் புள்ளைங்களுக்கு வயல் சொன்னாத்தான் ஏறுது. நீங்களே பாத்தீங்க. பப்ளிக் எக்ஸாம்ல ரெண்டாவது கார்பனை ஈரிணையம்னு எழுதிட்டு வந்தா, ரிசல்ட் உங்க ஸ்கூல் பேர்லதான வரும்?"

கரஸ்பாண்டென்ட் எதற்கும் பயப்படாதவர் என்று ஊரில் பேச்சு. தாசில்தார், கட்சிக்காரர், கோர்ட்டு... எதற்கும். ரிசல்ட் என்ற வார்த்தைக்கு மட்டும் அவர் முகம் மாறியதை அன்று நான் பார்த்தேன். பிரின்ஸிபாலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

"ஜூன்ல வந்து சேந்துருங்க," என்றார்.

"வயலு சார்?"

"நடத்துங்க, நடத்துங்க..."

எஸ்தர் வீடு இனி ஓடும். தமிழரசியின் அப்பாவுக்குப் பாதை கிடைக்கத்தான் வயலுக்கும் ஒரு பப்ளிக் எக்ஸாம் வைக்க வேண்டும் போலிருக்கிறது!