மயங்கி விழுந்த நர்ஸ்

லூர்துமேரி போய்விட்டாள் என்று அவள் மகன் விழுப்புரத்திலிருந்து வந்து சொன்னபோது நான் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் உரித்துவிட்டுத்தான் எழுந்தேன். எந்த வேலையையும் பாதியில் போட்டால் அவளுக்குப் பிடிக்காது.

இங்கே வந்திருக்கும் உங்களில் பலர் அவளை ஊசியும் கையுமாக அதட்டுகிற நர்சம்மாவாகத்தான் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தைக் கண்டு அவள் மயங்கி விழுந்த கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

உலக யுத்தம் முடிந்த சமயம். திண்டிவனத்தில் இருவரும் பள்ளிப் படிப்பை முடித்து, மதராசில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தோம். அனுப்புவதற்கு முன் ஒருநாள் வந்து ஆஸ்பத்திரியைப் பார்த்துவிடுங்கள் என்றார் திண்டிவனம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. போனோம். கிளியனூர்க் கூலிக்கார அம்மா ஒருவருக்குக் காலில் அரிவாள் வெட்டு. கட்டைப் பிரித்ததும் லூர்து சாய்ந்துவிட்டாள். அடிபட்ட அந்த அம்மாவே முந்தானையால் அவளுக்கு விசிறினார். நான் அசையாமல் நின்றேன். “நீதாம்மா நர்சுக்குச் சரி” என்று டாக்டரம்மா என் முதுகில் தட்டினார்.

லூர்துவின் அப்பா விழுப்புரம் ஸ்டேஷனில் போர்ட்டர். “வேணாம்மா, டீச்சருக்குப் படி” என்று சொல்லிவிட்டார். விண்ணப்பம் அனுப்ப ஒரு வாரமே இருந்தது.

“அந்தம்மா எனக்கு விசிறினாங்கப்பா. நான் போயி தண்ணியாவது குடுத்துட்டு வர்றேன்” என்று மறுநாளே திண்டிவனத்துக்கு ரயிலேறினாள். தினமும் போனாள். கட்டுப் பிரிக்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். கடைசி நாள் அழைத்துப்போக வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மகள் மருந்துத் தட்டை ஏந்திக்கொண்டிருந்தாள்.

“கை நடுங்குதேம்மா.”

“நடுங்கட்டும்பா. தட்டு கீழ விழலியே.”

விண்ணப்பத்தை அவரே தபாலில் போட்டார்.

என்னுடையது பெட்டியிலேயே கிடந்தது. லூர்து மயங்கி விழுந்த அன்று நான் காயத்தைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடு அவளிடம் மட்டும் சொன்னேன்.

“தெரியும்டி. விழறதுக்கு முன்னாடி உன்னத்தான் பார்த்தேன். நீ மணி பார்த்துக்கினு இருந்தே” என்று சிரித்தாள். நான் டீச்சரானேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். காலில் ஆறாத சர்க்கரைப் புண். கட்டு மாற்ற ஒரு பெண் வந்தாள். “அதோ கடியாரம், பார்த்துக்கோ” என்று லூர்து கண்ணடித்தாள்.

நான் திரும்பவில்லை. கட்டுப் பிரிப்பதிலிருந்து முடிகிற வரை அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது. அந்த நடுங்கும் கையால்தான் அவளுக்கு விசிறினேன். நடுங்கினாலும் விலகாமல் நிற்பது, அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.