லைட்டர் சத்தத்துக்கு வந்த குட்டி

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தது நானும் குட்டியும்தான். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருந்தார். அக்கா டியூஷனில் இருந்தாள். அம்மா விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

குட்டி என்றால் சிப்பிப்பாறை வேட்டை நாய்க்குட்டி. சாத்தூர்ப் பக்கமிருந்து மாமா கொண்டுவந்து விட்டது. நான்கு மாதத்துக்குள் உடம்பில் பாதி காலாக வளர்ந்திருந்தது. ஓடுகிற ஏதாவது கண்ணில் பட்டால் அதற்குக் காது என்று ஒன்று இல்லாமல் போய்விடும். எதிர்வீட்டு அத்தையின் கோழிக்குஞ்சுகளில் இரண்டு அப்படித்தான் போயின. அத்தை சண்டைக்கு வரவில்லை. “மதினி, ஒங்க நாய்க்கு எங்க வீட்டுலதான் சாப்பாடுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல” என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோழியை விரட்டுவது நிற்காவிட்டால் குட்டி மாமா வீட்டுக்கே போய்விடும் என்று சொல்லிவிட்டாள்.

மாமாவின் போனில் ஒரு வீடியோ இருந்தது. ஒரு வெள்ளைக்காரர், நாய் சொன்னபடி செய்த நொடியில் கையிலிருக்கும் சின்ன டப்பாவை ‘டிக்’ என்று அமுக்கி, உடனே தீனி கொடுப்பார். கொஞ்சம் பிந்தினாலும் எதற்காகக் கொடுத்தோம் என்று நாய்க்குத் தெரியாதாம். மாமா தன் யூகத்தில் மொழிபெயர்த்தது இது. அந்த டப்பாவுக்கு நான் எங்கே போவேன்? அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை எடுத்துக்கொண்டேன். அமுக்கினால் சத்தத்தோடு நுனியில் ஒரு பொறியும் தெறிக்கும்.

முதல் நாள் அந்தச் சத்தத்துக்கே குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்தது. கருவாட்டுத் தலையைக் காட்டியபின்தான் வெளியே வந்தது. மூன்றாம் நாள் வேறு தொல்லை. அக்கா காபி போட லைட்டரை அமுக்கினால்கூட அடுப்படிக்குள் ஓடிவந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் கோழியைக் கண்டுவிட்டால் விரல் வலிக்க அமுக்கினாலும் திரும்பாது.

வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா வேலைவிட்டு வந்தால், குளித்துச் சேலை மாற்றும்வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது. சாமி காரியம் போல ஏதோ சுத்தம் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் கம்பெனித் தொட்டியிலேயே குளித்துவிட்டுத்தான் வருவாள். அன்று தொட்டியில் தண்ணீர் இல்லையாம்.

அது சனிக்கிழமை. அத்தையின் சேவல் தெருவில் இறங்க, குட்டி பாய்ந்தது. அதே நேரம் தெருமுனையில் கம்பெனி வேனிலிருந்து அம்மா இறங்கி வந்தாள், கையிலும் சேலையிலும் வெள்ளி பூசியது மாதிரி பட்டாசு மருந்துத் தூளோடு. நான் லைட்டரை அமுக்கினேன். குட்டி நின்றது. திரும்பிப் பார்த்தது. சேவலை விட்டுவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தது.

அம்மாவுக்கு இன்னொரு தடவை செய்து காட்டலாம் என்று லைட்டரை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடினேன்.

“அங்கனயே நில்லு. கீள போடுலே அத.”

கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நான் கீழே போட்டதும், பக்கத்தில் வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குளித்து, ஈரத்தலையோடு வந்துதான் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குட்டி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு கருவாட்டுக்குக் காத்திருந்தது.

அரைமணி நேரம் பிந்தி வந்த அறை எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. குட்டி தோற்றுவிட்டது, நாளை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று சாப்பிடாமல் அழுதேன்.

மறுநாள் அம்மா கடையிலிருந்து ஒரு பேனா வாங்கி வந்தாள். அமுக்கினால் ‘டிக்’ என்னும் பேனா. “இனிமே இத வச்சுக் கூப்பிடு. எளுதவும் ஆகும்” என்றாள். நான் அழுததில் மனம் இளகிவிட்டாள் என்றே நம்பினேன். கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர், அம்மாவின் சேலையில் பார்த்த அதே வெள்ளி மினுக்கோடு இருந்த அலுமினியத் தூள் டப்பாவைக் காட்டி, பொறி படாத இடத்தில் வைக்கச் சொன்ன நாள்வரை அப்படித்தான் நம்பினேன்.

எங்களுக்கு மொத்தத்தில் ஆன செலவு அந்தப் பேனா மட்டும்தான். பத்து ரூபாய்.